லைனும் லேனும்

இங்கிலீஷில் லைனுக்கும் லேனுக்கும் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இலங்கையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மலைநாடே கிடக்கிறது.

லேன் என்றால் கொழும்பு, தமிழில் ஒழுங்கை. 'வெள்ளவத்தை 37ஆம் ஒழுங்கை' என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிறவர் கதிரையை இழுத்துப் போடுவார். லைன் என்றால் எங்கள் மாத்தளை, இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்கள். எங்கள் வாயில் அது லயம். மேட்டு லயம், பணிய லயம் என்று சொன்னால் கதிரை இருந்த இடத்திலேயே இருக்கும்.

மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே நடந்து, செத்தவர் போக மாத்தளை வந்து சேர்ந்த சனத்துக்குக் கோப்பிக் காலத்துத் துரைமார் கட்டிய வரிசை வீடு அது. 1869இல் இலைநோய் தொற்றி, கோப்பி போனது. தேயிலை வந்தது, றப்பர் வந்தது, கொக்கோ வந்தது. 1948இல் எங்கள் குடியுரிமை போனது. பல வருசம் கழித்து ஒருவழியாகத் திரும்பி வந்தது. போகாமலும் வராமலும் அப்படியே நின்றது லயம்தான். 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு.

லயம் என்றதும் சங்கீதக்காரர்கள் தாளத்தைப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். முதல் காம்பராவில் தாத்தா இருமினால் கடைசிக் காம்பராவில் பிள்ளை எழும்பி அழும். ஒருநாளும் காலம் தப்பாது.

எனக்கொரு சந்தேகம். ஒழுங்காக வரிசையில் நிற்பது நாங்கள். ஒழுங்கை என்ற பட்டமோ, எதிரே ஓர் ஆட்டோ வந்தால் கார் பின்வாங்க வேண்டிய கொழும்புச் சந்துகளுக்கு. யார் கொடுத்தார்களோ!

அக்கா மகன் கொழும்பில் வேலைக்கு மனுப் போட்டான். நிரந்தர விலாசத்தில் 'நம்பர் 5 லைன்' என்று எழுதியிருந்தான். கந்தோரில் இருந்தவர் நல்ல மனுசர். "தம்பி, ஸ்பெல்லிங் பிழை" என்று தன் பேனையாலேயே லேன் ஆக்கிவிட்டார். அந்த நிமிசமே அக்கா கொழும்புக்காரி ஆனாள்.

பதில் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்தது. எங்கள் தபாலெல்லாம் அங்கேதான் ஒரு கட்டாக வந்து இறங்கும். கிளாக்கர் ஐயா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தத் தோட்டத்தில் லேன் எங்கே இருக்கு?" என்று பெரட்டில் வைத்தே கேட்டார். கொழுந்துக்குப் புறப்பட்ட பெண்கள் அக்காவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடுத்த மலை வரைக்கும் கேட்டது. அன்றிலிருந்து அக்காவுக்கு 'லேன் அம்மா' என்று பெயர். ஆனாலும் பீலியில் தண்ணி பிடிக்கப் பழைய வரிசையில்தான் நிற்கிறாள்.

லயத்துக்குப் பதில் சொந்தக் காணியில் தனிவீடு என்கிறார்கள். சில தோட்டங்களில் கட்டியும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் முறை வரும்வரை கந்தோர்க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம்: லைன் என்று எழுதி வந்தால் கை வைக்காதீர்கள். முதலில் வீடு திருந்தட்டும், ஸ்பெல்லிங்கைப் பிறகு பார்க்கலாம்.