137-ல் தொடங்கும் ஜாதகம்

கே: 1965-ல் வந்த ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்ளிஃபையர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஸ்பேர் கிடைக்குமா, ஷோகேஸில் வைத்துவிடலாமா?

ப: கிடைக்கும். ரேடியோக்காரர்கள் எப்போதோ கைகழுவிய வால்வுதான் இருப்பதிலேயே சுலபம். ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் கிட்டார்காரர்களை நம்பி இன்றும் சுடச்சுடச் செய்கிறார்கள். உயிரை வாங்குவது திருகாணி! அமெரிக்கக்காரர் போட்டது அங்குலத்துக்கு 32 மரை. நம் கடை 5 மி.மீ. திருகாணியும் கிட்டத்தட்ட அதேதான். இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். வீரம் காட்டினால் மரை காலி.

வால்யூம் பாட் மாற்றினால், முதுகில் பொறித்த எண்ணைப் பாருங்கள். 1376542 என்றிருந்தால் 137 சி.டி.எஸ். கம்பெனி, 65 வருஷம், 42 வாரம். ‘ஒரிஜினல் சார்’ என்று சத்தியம் செய்பவரைவிட இந்த ஜாதகத்தை நம்பலாம்.

ஒன்றை மட்டும் பழசு என்று பக்தியோடு வாங்காதீர்கள்: எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் உள்ளே காய்ந்துவிடும். புதுசு போடுங்கள். கழற்றும் முன் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 400 வோல்ட்டை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டுக் கை வைத்தால், அப்புறம் உங்களுக்குத்தான் ஸ்பேர் தேட வேண்டிவரும்.