பிள்ளை பிடிக்கிறவர் அல்ல!

கே: சமூகப் பணியாளர் வாசலில் வந்து நின்றாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்கிறார்களே? (வாசகி, ஆரணி)

ப: சோறு ஊட்டும்போது பூச்சாண்டிக்குப் பதிலாக அவரைக் காட்டிவிட்டீர்களா? பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது அது. பணியாளர் விசாரித்து அறிக்கை தருகிறவர்தான். உயிருக்கு ஆபத்தென்றால் பிள்ளையை உடனே அப்புறப்படுத்துவார்கள். அப்போதும் 24 மணி நேரத்துக்குள் குழுவின்முன் கொண்டுவந்தாக வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் காப்பகம் என்பது கடைசி வழி.

கே: அப்படி என்னதான் விசாரிப்பார்? (வாசகர், போடி)

ப: கெட்டிக்காரப் பணியாளர் முதல் நாள் கேள்வியைக் குறைத்துக்கொண்டு, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிப்பார். பிறகுதான் கடன் எவ்வளவு, அம்மா இரவு வேலைக்குப் போனால் பிள்ளையோடு யார், பள்ளிக்கு எத்தனை நாள் மட்டம் என்று வரும். பக்கத்து வீட்டிலும் கேட்பார். அங்கே கிடைப்பதில் பாதியைத் தள்ளுபடி செய்வதும் அவர் வேலைதான். குழு உத்தரவிட்ட விசாரணைக்கு 15 நாள் கெடு.

கே: கணவர் இறந்துவிட்டார். கூலி வேலை. மகளை ஹோமில் விடச் சொல்கிறார்கள் உறவினர்கள். (வாசகி, திருச்சுழி)

ப: அவசரப்படாதீர்கள், சகோதரி. வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-லேயே வழிகாட்டியிருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு; கணவரை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு அதில் இடமுண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பியுங்கள். வருமானச் சான்று, இறப்புச் சான்று என்று அலைச்சல் இருக்கும். கூட அலைய வேண்டியது அங்குள்ள பணியாளரின் கடமை, கேட்டு வாங்குங்கள். யோசனை சொன்ன உறவினர்களில் யாராவது சான்றிதழ் வாங்கக் கூட வருகிறார்களா என்றும் பாருங்கள்.

கே: குடித்துவிட்டுப் பிள்ளையை அடிக்கும் அப்பனுக்கு எதற்கு ஆதரவு? (வாசகர், குளித்தலை)

ப: பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இருக்கிறது, 3 ஆண்டுவரை சிறை. ஆனால் சிறையிலிருந்து அவர் திரும்பி வரப்போவதும் அதே வீட்டுக்குத்தானே? குடிநோய் சிகிச்சைக்கு அவரை அனுப்புவதும், பிள்ளைக்கு இன்னும் அடி விழுகிறதா என்று அடிக்கடி போய்ப் பார்ப்பதும் அவருக்காக அல்ல.

கே: பெற்ற பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்த தாய், மனம் மாறினால்? (வாசகி, பண்ருட்டி)

ப: மறுபரிசீலனைக்குச் சட்டமே இரண்டு மாதம் தருகிறது. அதுவரை ‘எப்படியம்மா மனசு வந்தது?’ என்று கேட்காமல் இருந்தாலே பாதி உதவி.

கே: குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பெற்றோரே அழைக்கலாமா? (வாசகர், அரூர்)

ப: தாராளமாக. 24 மணி நேரமும், கட்டணமில்லாமல். ‘கோபத்தில் கை நீண்டுவிடுமோ என்று பயமாயிருக்கிறது’ என்றும் சொல்லலாம். கணக்கில் மார்க் குறைந்ததை மட்டும் சொல்லாதீர்கள்.