வீட்டுக் காப்பீட்டின் தன்னடக்கம்

பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளைக் குறை சொல்கிற நாக்கு அழுகிப் போகட்டும். இருக்கும் நல்ல சரக்கை இவ்வளவு பத்திரமாக ஒளித்து வைக்கும் வியாபாரிகளை வேறு எங்கே பார்க்க முடியும்? தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரலின் கடைத்தெருவில் பாத்திரக் கடைக்காரர் எவர்சில்வர் குடங்களை வாசல்வரை அடுக்கி, தெருவில் போகிறவர்களையெல்லாம் “வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க” என்று கூப்பிடுகிறார். தன்னடக்கம் கிடையாது அவருக்கு. காப்பீட்டுக்காரர்களோ ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுப் பாலிசியை 2021 ஏப்ரல் 1 முதல் கையில் வைத்திருக்கிறார்கள். ஒழுங்குமுறை ஆணையமே வாசகம் எழுதிக் கொடுத்து, தீ விபத்துக் காப்பீடு விற்கும் எல்லாரும் இதை விற்க வேண்டும் என்று சொன்ன பாலிசி அது. ஏரலில் பத்துப் பேரைக் கேளுங்கள். பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவர் அகப்பட்டால் அவர் இந்தத் துறையில் வேலை பார்ப்பவராக இருப்பார்.

அதில் இருப்பதைச் சொன்னால் அவர்களுடைய அடக்கம் இன்னும் விளங்கும். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் ஒரே பாலிசிக்குள் அடக்கம். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, உச்சமாக 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துகொள்ளும். தொகையைக் குறைத்துப் போட்டுவிட்டீர்கள் என்று காரணம் காட்டி இழப்பீட்டை விகிதப்படி வெட்டும் பழைய வழக்கமும் இதில் இல்லை. குடியிருக்க முடியாமல் போன காலத்துக்கு வாடகை இழப்பும் உண்டு. சாதாரணக் கட்டடம் ஒன்றுக்கு ஆண்டு பிரீமியம், அந்த வீட்டின் ஒரு மாத வாடகையைத் தொடாது. இத்தனை மலிவான பொருளை விற்கிறவர்களுக்கு வெட்கம் வருவது இயற்கைதானே.

ஏரலில் பணம் சேர்ந்தால் முதலில் நகை, அடுத்து மனை, மனையின் மேல் வாடகைக்கென்றே ஒரு லைன் வீடு. நாலு வீடு, பொதுவாக ஒரு மோட்டார், ஒரு கொடிக்கயிறு, வாசலில் ஒரு வேம்பு. என் சித்தப்பா இப்படித்தான் கட்டினார். பென்சன் இல்லாத மனிதருக்கு அந்த நாலு வாடகைதான் பென்சன். ஒருநாள் அவருக்கு எப்படியோ ஞானம் வந்து, வழக்கமாக வரும் ஏஜெண்டிடம் கேட்டார்:

“தம்பி, இந்த நாலு வீட்டுக்கும் சேத்து ஏதாச்சும் பாலிசி இருக்கா?”

“வீட்டுக்கா? கல்லும் மண்ணும் எங்க அண்ணாச்சி போயிரப் போவுது? பேத்தி பேர்ல ஒண்ணு போடுங்க. பதினஞ்சு வருசத்துல கல்யாணத்துக்கு ஆவும்.”

இந்தத் தொலைநோக்கை என்னவென்று புகழ்வது! வருகிற மழைக்காலத்தைப் பார்க்கிறவன் சாமானியன். பதினைந்து ஆண்டு தள்ளிப் பந்தல்கால் நடுகிறவன் அல்லவா ஞானி. வீட்டுப் பாலிசியில் கிடைக்கும் கமிஷன் ஏரலுக்கு வந்துபோகிற பெட்ரோலுக்குக்கூடக் காணாது என்பதெல்லாம் உலகியல் பேச்சு. அதை விட்டுவிடுவோம்.

2023 டிசம்பர் 17, மார்கழி பிறந்த நாள். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஏரலுக்குள் நேரில் வந்து விசாரித்தது. ஆற்றுப்பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. கடைத்தெருவில் துணி, பாத்திரம், பலசரக்கு எல்லாம் ஒரே சேற்றில் கிடந்தன. சித்தப்பாவின் லைன் வீட்டில் தண்ணீர் நின்ற கோடு ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒரு முழத்தில் இருந்தது. பிளைவுட் கதவுகள் ஊதி, திறந்தால் மூடவில்லை, மூடினால் திறக்கவில்லை. மோட்டாரைக் கழற்றிக் கவிழ்த்தபோது வண்டலோடு ஒரு சின்ன நண்டு விழுந்தது. கல்லும் மண்ணும் எங்கும் போகவில்லை, வாஸ்தவம். மண் கூடுதலாகவே வந்திருந்தது.

அரசு தந்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் அட்டைக்கு. வாடகை வீட்டின் சுவருக்கு ரேஷன் அட்டை இல்லை. பாலிசி வைத்திருந்த ஓரிரு பாக்கியசாலிகளுக்கோ, இழப்பை உடனே தெரிவிக்க 24 மணி நேரமும் இலவச அழைப்பு எண் திறந்திருந்தது. ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அதற்குக் கம்பெனி என்ன செய்யும்? எண் இலவசம்தானே, அந்த நாட்களில் யாருக்கும் ஒரு காசு செலவாகவில்லை.

வங்கிகளின் பாசத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. வீட்டுக்கடன் வாங்கியவர்களில் பலருக்குக் கட்டடக் காப்பீடு ஏற்கெனவே இருக்கும், அவர்களுக்குத் தெரியாமலே. பிரீமியம் அவர்களுடையது, பாலிசி காகிதம் கிளையின் பீரோவில். இழப்பீடு வந்தாலும் முதல் உரிமை வங்கிக்கு. வாங்கியவருக்குக் காகிதத்தைப் பாதுகாக்கும் சிரமம்கூட வேண்டாம் என்ற நல்லெண்ணம்.

சட்டமும் நம்மைக் கைவிடவில்லை. சக்கரம் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி காப்பீடு கட்டாயம். 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். அந்தக் காகிதத்தை நம்பி வெள்ளத்தில் முங்கிய பைக்கை ஒர்க்ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனவர்களுக்குத்தான், ‘மூன்றாம் நபர்’ என்பதில் தாமும் தம் பைக்கும் சேரமாட்டார்கள் என்பது புரிந்தது. சக்கரமில்லாத வீட்டைப் பற்றிச் சட்டம் வாய் திறப்பதில்லை. ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவர் அதற்கு நான்கு சக்கரம் மாட்டிவிட்டால் அதுவும் கட்டாயக் காப்பீட்டுக்குள் வந்துவிடும் என்பது என் எளிய யோசனை.

சிரிக்காதீர்கள், அமெரிக்காவில் அப்படி வீடு உண்டு. தொழிற்சாலையில் செய்து லாரியில் இழுத்துவந்து நிறுத்துகிற வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவது அங்கே ஒரு முதலீடு. அதற்கு மலிவாகக் காப்பீடு தேடி அந்த முதலாளிகள் அலைகிறார்கள். கட்டுமானத் தரவிதி அமலுக்கு வந்த 1976 ஜூன் 15க்கு முந்தைய வீடு என்றால் பல கம்பெனிகள் கும்பிடு போட்டுவிடும். 1992இல் ஆண்ட்ரூ புயல் அந்த வீடுகளைப் பிய்த்தெறிந்த பிறகு, 1994இல் காற்றைத் தாங்கும் விதியை இறுக்கினார்கள். அங்கே வழக்கமான வீட்டுப் பாலிசி வெள்ளத்தை ஏற்காது, அதற்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும். பாவம், வெள்ளத்தையும் சேர்த்த பாலிசியை மலிவாகவே வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பக்குவம் அந்த நாட்டுக்கு இன்னும் வரவில்லை.

சித்தப்பா இப்போது பாலிசி எடுத்துவிட்டார், இரண்டு கிளைகளில் “அந்த பாலிசியா?” என்று விழித்ததைப் பார்த்த பிறகு. போகட்டும், எடுக்கப் போகிறவர்களுக்குச் சில அருள்வாக்கு: மனையின் விலை கணக்கில் வராது, தரைப்பரப்பும் கட்டுமானச் செலவும்தான். நாற்பது லட்சத்துக்கு வாங்கினேன் என்று மார்தட்டினால், அதில் முக்கால்வாசி மண் என்று மரியாதையாகச் சொல்வார்கள். குடியிருப்பவரின் கட்டில், பீரோ, பிரிட்ஜ் எதுவும் வீட்டுக்காரர் பாலிசியில் சேராது. அவர்கள் சாமான்களுக்கு மட்டும் தனியே எடுக்கலாம் என்ற ரகசியத்தை அந்த நாலு குடும்பத்துக்கும் யாரும் சொல்லவில்லை. வாடகை வாங்குவதோடு சேர்த்து அவர்கள் நிம்மதியையும் கெடுப்பானேன் என்று சித்தப்பாவும் சொல்லவில்லை. அவரும் தன்னடக்கம் கற்றுக்கொண்டார்.

கடைசியாக அரசுக்கும் ஒரு கும்பிடு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 விழுக்காடு அப்படியே இருக்கிறது. ஏரலில் இதை யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டுமானால் முதலில் பாலிசி எடுத்திருக்க வேண்டும்.