இறக்கத்தில் இரக்கம் இல்லை

சென்னை கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது கணக்கு. மழைக்காலத்தில் வேளச்சேரிக்காரர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அடிக்க வருவார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் 5,364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு, முதுகில் மூட்டையோடு நடந்தே போவது என்று முடிவு செய்கிறார். முதலில் ஷூ வாங்குகிறார். அடுத்து, ஏகப்பட்ட வார்கள் தொங்கும் பை ஒன்றை வாங்குகிறார். மூன்றாவதாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டுவிடுகிறார். இனிப் பின்வாங்க வழியில்லை. நான்காவதாகத்தான் பயிற்சி என்ற ஒன்று நினைவுக்கு வருகிறது. பயிற்சிக்கு மலை வேண்டும். ஊருக்குள் மலை என்று பெயர் வாங்கி வைத்திருக்கும் பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி. 18-ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிய படிகளில் மூச்சைக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினால், ஏறுகிறோம் என்று உடம்புக்குத் தெரிவதற்குள் உச்சி வந்துவிடும். அதை விட்டால் கத்திப்பாரா மேம்பாலம். அதில் நடைப்பயிற்சி செய்தால் இமயம் போகாமலேயே மேலே போய்விடலாம்.

இந்த இக்கட்டில் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: படியேறு. லிஃப்டைத் தொடாதே, ஆபீசில் ஏறு, வீட்டில் ஏறு, மெட்ரோ நிலையத்தில் நகரும் படியை ஒதுக்கிவிட்டு நகராத படியில் ஏறு. ஏறி முடித்த களைப்புக்குப் பரிசாக லிஃப்டில் இறங்கிக்கொள்ளலாம். அறிவுரை நல்லதுதான், திசைதான் தவறு. சமதரைக்காரர் ஏறப் பழகுவதைவிட இறங்கப் பழகுவதுதான் அவசரம் என்பது என் கட்சி. லிஃப்டில் மேலே போங்கள், படியில் கீழே வாருங்கள். கேட்பதற்குச் சோம்பேறியின் தத்துவம் போலத் தெரிவதற்குக் காரணம் நம் மொழியின் ஓரவஞ்சனை. முன்னேறுவது, தேறுவது, நிறைவேறுவது எல்லாம் ‘ஏறு’ பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. இறங்குமுகம் என்றால் ஜாதகக் கட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் மலைக்கு நம் சொல்லகராதி தெரியாது. அங்கே ஏறிய ஒவ்வொரு மீட்டரையும் இறங்கித்தான் தீர்க்க வேண்டும்.

முதல் சாட்சி அந்தப் பாதையே. விமானம் போய் இறங்கும் லுக்லா 2,860 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் இரவு வழக்கமாகத் தங்கும் பக்டிங் 2,610 மீட்டரில். அதாவது, உலகத்தின் மிக உயரமான மலையை நோக்கிய பயணத்தின் முதல் நாள், நிகரக் கணக்கில் 250 மீட்டர் இறக்கம். மூன்று மாதம் படியேறிப் பழகியவருக்கு முதல் நாளே வினாத்தாள் மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு ஏறுவதற்கு ஏறக்குறைய எட்டு நாள் எடுத்துக்கொள்வார்கள். உடம்பு மெலிந்த காற்றுக்குப் பழக வேண்டும் என்பதால் நாம்சே பஜாரில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள் என்று மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை போலத் தங்கித் தங்கிப் போகலாம். திரும்பும்போது அந்தச் சலுகை கிடையாது. இறங்க இறங்கக் காற்று கெட்டிப்படுவதால் நிற்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. எட்டு நாளில் ஏறியதை மூன்று, நான்கு நாளில் இறக்கிவிடுகிறார்கள். ஏற்றம் தவணையில் வருகிறது, இறக்கம் மொத்தமாக வருகிறது. எதற்குப் பழகிக்கொண்டு போக வேண்டும் என்பதற்கு இந்த அட்டவணை ஒன்றே போதும்.

இரண்டாவது சாட்சி தொடை. படி ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது; அதாவது பிரேக் பிடிக்கிறது. பரணில் அண்டாவை ஏற்றியவருக்கும் பரணிலிருந்து அண்டாவை இறக்கியவருக்கும் இந்த வேறுபாடு தெரியும். 1952-இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும், மற்றவர் தன் பெடலில் காலை ஊன்றி அதைத் தடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் விசை ஒன்றுதான். ஆனால் மிதித்தவருக்கு மூச்சு முட்டியது. தடுத்தவருக்குச் செலவான ஆக்சிஜன் அதைவிட மிகக் குறைவு. சிறிய உருவமுள்ள ஒரு பெண் காலை ஊன்றி உட்கார்ந்தே ஒரு பெரிய ஆளைக் களைக்கவைத்துவிட முடியும் என்பது இந்தச் சைக்கிள்களில் தெரிந்தது.

இறக்கம் மலிவு என்று இதைப் படித்துவிட்டு மகிழ்ந்தால் அங்கேதான் வில்லங்கம். மூச்சுக்கு மலிவாகக் கிடைப்பதால்தான் இறக்கம் ஆளை ஏமாற்றுகிறது. ஏற்றம் ரொக்க வியாபாரம். பத்துப் படிக்கு ஒரு தடவை நெஞ்சு கையை நீட்டிக் கூலி வாங்கிவிடும். இறக்கம் கடன் அட்டை. பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கலாம், பக்கத்தில் வருபவரிடம் அரசியல் பேசலாம். நீண்டுகொண்டே பாரம் தாங்கிய தசை நார்களில் நுண்ணிய சேதம் சேர்ந்துகொண்டே இருக்கும். பில் மட்டும் ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து வரும். அப்போது ஓர் ஆள் நாற்காலியில் உட்காரும் அழகைப் பார்க்க வேண்டும். முதலில் நாற்காலியை உற்றுப் பார்ப்பார். கைப்பிடிகளைப் பற்றுவார். பிறகு குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு விழுவார். மலைக்கிராமத்து விடுதிகள் பலவற்றில் குந்தி உட்காரும் கழிப்பறைதான் இருக்கும் என்ற தகவலை இத்துடன் சேர்த்து வாசகரே கற்பனை செய்துகொள்ளட்டும்.

ஆனால் இதே தசைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. ஒரு முறை இறக்கத்தில் அடிபட்ட தசை, அடுத்த முறை அதே இறக்கத்துக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது; அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். தடுப்பூசி போலத்தான்: கொஞ்சம் வலியை ஊரிலேயே வாங்கிக்கொண்டால் மலையில் நிறைய மிச்சம். இந்த ஊசியை உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டுக்கொள்வது கடினம். பெரும்பாலான டிரெட்மில்களுக்கு முன்பக்கத்தைத் தூக்கத் தெரியும், தாழ்த்தத் தெரியாது. படியேறும் இயந்திரமோ பெயரிலேயே தன் கொள்கையை அறிவித்துவிடுகிறது. ஆக, சமதரைக்காரரின் மலை அடுக்குமாடிக் கட்டடம்தான். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் பத்து மாடி 30 மீட்டர். 600 மீட்டர் இறங்க இருபது தடவை லிஃப்ட் பிடிக்க வேண்டும். முதல் வாரமே இருபதுக்கு ஆசைப்படக் கூடாது. வெறுங்கையோடு மூன்று, நான்கு தடவை. வாரத்தில் இரண்டு நாள். வலி தணிந்த பிறகு அடுத்தது. சில வாரம் கழித்து முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்கள். மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கச் சொல்வார்கள். மொட்டை மாடிச் செடிகளுக்கு நல்லது, தொடங்குகிறவரின் முழங்காலுக்கும் நல்லது. கடைசி வாரங்களிலாவது கொட்டாமல் இறங்க வேண்டும். ஏனென்றால் மலையில் துணிமணியைச் செடிக்கு ஊற்ற முடியாது. கால் நகத்தை வெட்டிக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்திதான். இறக்கத்தில் விரல் ஒவ்வோர் அடிக்கும் ஷூவின் முகப்பில் போய் முட்டும், நகம் கறுக்கும்.

இந்தப் பயிற்சியால் சமூகத்தில் சில சங்கடங்கள் வரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழாவது தடவையாக லிஃப்டில் ஏறி, ஏழாவது தடவையாக வியர்வையோடு படியில் இறங்கிவரும் ஆளைக் காவலாளி எந்தப் பதிவேட்டில் எழுதுவார்? பொது மின்கட்டணம் ஏன் கூடியது என்று குடியிருப்போர் சங்கத்தில் கேள்வி எழும். அந்த நேரம் பார்த்து 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் சுமந்து, லிஃப்ட் கிடைக்காமல் படியில் ஏறிப்போகும் தம்பி இவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவர் சிரிக்கத் தகுதியுள்ளவர்.

எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். இறங்கினால் முழங்கால் தேயும் என்பது முதல் வாதம். இறக்கத்தில் முழங்கால் மூட்டின் மேல் ஏற்றத்தைவிட அதிகப் பாரம் விழுவது உண்மை. ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம் சேர்க்கிறது. ஊரில் இறங்காமல் விட்டால் மலை இறக்கம் குறைந்துவிடாது. பழகாத முழங்காலோடு இறங்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர் மருத்துவரைக் கேட்ட பிறகே படியைத் தொட வேண்டும். மற்றவர்களுக்கு மெல்லக் கூட்டும் பயிற்சியும் கையில் தடியும் துணை. தடி ஊன்றி இறங்கினால் முழங்காலின் பாரம் குறையும். கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி ஏறும் பக்தர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். ஏழு மலையும் ஏறிவிட்டு இறங்கும் வழியில் அவர்களிடம் அந்தத் தடியை விலைக்குக் கேட்டுப் பாருங்கள். சொத்தில் பங்கு கேட்ட பார்வை பார்ப்பார்கள்.

நெஞ்சுக்கும் மூச்சுக்கும் பயிற்சி வேண்டாமா என்பது இரண்டாவது வாதம். வேண்டும். அதற்குச் சமதரையே தாராளம். வேக நடை, சைக்கிள், ஓட்டம் எல்லாம் நெஞ்சுக்கானவை. இதயத்துக்குச் சாலை சரிவா சமமா என்று தெரியாது, தொடைக்குத் தெரியும். ஆகவே சமதரை தராததைத்தான் தேடிப் போக வேண்டும் என்கிறேன். உயரத்தில் காற்று மெலிந்திருக்குமே என்பது இதன் கிளை வாதம். 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பாதிதான். அதற்குப் பத்து மாடிக் கட்டடத்தில் பயிற்சி இல்லை. பத்தாவது மாடியில் வாடகைதான் அதிகம். உயர நோய், கட்டுமஸ்தான ஆள் என்று பார்த்து ஒதுங்கிப் போவதும் இல்லை. அதற்கு மருந்து நிதானம்: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது. தலைவலியும் வாந்தியும் முற்றினால் சிகிச்சை என்ன தெரியுமா? இறங்குவது. நோயாளிக்கும் இறங்கத் தெரிந்திருக்க வேண்டிய இடம் மலை.

தாத்தா எந்தப் பயிற்சியும் இல்லாமல் இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு சபரிமலை போய்வந்தாரே என்பது மூன்றாவது வாதம். தாத்தா பயிற்சி செய்யவில்லை என்று யார் சொன்னது? 41 நாள் விரதத்தில் செருப்பில்லாமல் நடந்தாரே, அது என்ன? ஜிம்முக்குப் பணம் கட்டியவர்களில் 41 நாள் தொடர்ந்து போனவர்கள் எத்தனை பேர்? அவர் கிராமத்துக்காரராக இருந்தால் கதை இன்னும் பலம். கிணற்றில் ஏற்றம் கட்டி நீர் இறைத்த காலத்தில் துலாமரத்தின் மேல் ஓர் ஆள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார். மரம் சாயச் சாய அவர் ஏறவும் இறங்கவும் வேண்டும். மலையே இல்லாத ஊரில் நாள் முழுக்க மலை ஏறி இறங்கியவர் அவர். படிக்கட்டு ஒரே அளவாக இருக்கும், மலைப்பாதை அப்படியா என்று கேட்பவருக்கும் பதில் அங்கேயே இருக்கிறது: வயல் வரப்பு. ஈர வரப்பில் விழாமல் நடந்த கணுக்கால் எந்தக் கல்லிலும் நிற்கும். வரப்பு கிடைக்காத சென்னைக்காரருக்கு மெரினாவின் மணல் இருக்கிறது, இலவசமாக.

சமதரையில் பிறந்தவருக்கு இமயம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு வரலாற்றுத் தகவல். 1802-இல் வில்லியம் லாம்டன் இந்திய நிலத்தை முக்கோணங்களாக அளக்கத் தொடங்கியது பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில். ஏழரை மைல் நேர்கோடு ஒன்றைச் சங்கிலி பிடித்து அளக்க 57 நாள் ஆனது. அங்கே தொடங்கிய முக்கோணக் கணக்குதான் தலைமுறை கடந்து வடக்கே போய், எவரெஸ்ட்டின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் உலகத்துக்கு அறிவித்தது. இமயத்தின் உயரத்துக்கே அடிக்கோடு தட்டையான சென்னையில் போடப்பட்டிருக்கும்போது, அங்கே போகிற ஆளின் தொடைக்கு இங்கே அடித்தளம் போட முடியாதா?

இவ்வளவு ஆதாரத்துக்கும் அசையாதவர்கள் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் ஒரு பனங்காட்டுக்குப் போய் நிற்கலாம். நூல் பிடித்தாற்போலத் தட்டையான பூமி. பனையேறி மேலே போகும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அவர் ஏறுவது காலிப் பாத்திரத்தோடு. இறங்கும்போது அதில் பதநீர் நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் யாரும் அவரைப் பார்ப்பதில்லை. குடிப்பதற்கு ஓலைப் பட்டை தேடிக்கொண்டிருப்பார்கள்.