லாம்டன் துரையும் ராஜராஜன் சுவரும்

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய ‘ஒரு அங்குல’ மேப்பை விரித்துப் பாருங்கள். ஒரு அங்குலம் என்றால் நிலத்தில் ஒரு மைல். வாய்க்கால் நீலம், வயல் மஞ்சள், ஊர் சிவப்பு. மேட்டைக் காட்டும் பழுப்புக் கோட்டை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். மேடு இருந்தால்தானே கோடு! இந்தத் தோசைக்கல் பூமிதான், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிலம் அளக்க வந்த வில்லியம் லாம்டன் துரையைப் பாடாய்ப் படுத்தியது.

1802இல் பரங்கிமலைப் பக்கம் அவர் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். ஏறக்குறைய ஏழரை மைல், 57 நாள். அந்தச் சங்கிலி சீனச் சக்கரவர்த்திக்குச் சீராகப் போய், அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. கோணம் பார்க்கும் தியோடலைட்டின் ஜாதகம் இன்னும் மோசம். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பெரிய மனது பண்ணி சென்னைக்கே அனுப்பிவைத்தார்கள். தாம்பூலம் வைத்தார்களா, தெரியவில்லை.

சங்கிலியால் அளந்த கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகப் போட்டுக்கொண்டு போக வேண்டுமானால் ஓர் உயரத்திலிருந்து இன்னோர் உயரம் கண்ணில் படவேண்டும். டெல்டாவில் வயலை விட்டால் தென்னை, தென்னையை விட்டால் வயல். கோயில் கோபுரங்களே கதி என்று ஆனது. 1808இல் துரையின் கண் பெரிய கோயில் விமானத்தின் மேல் விழுந்தது. 216 அடி! ஏறக்குறைய 800 வருஷம் முன்னாலேயே ராஜராஜன் மலை கட்டி வைத்திருக்கிறான், கம்பெனிக்குக் காலணா செலவில்லாமல்.

அரை டன் கருவியைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். கயிறு அறுந்தது. கருவி போய்ச் சுவரில் மோதியது. சுவர் யார் கட்டியது? வளைந்தது கருவிதான். ஆறு வாரம் உட்கார்ந்து, ஆப்பும் திருகும் கப்பியுமாக, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார் துரை. கும்பகோணத்துப் பாத்திரக்காரரிடம் கொடுத்திருந்தால் ரெண்டு நாளில் முடித்து, கொசுறாக ஒரு சொம்பும் தந்திருப்பார்.

போன இடமெல்லாம் ஒரு வதந்தி வேறு: துரையின் குழாயில் பெண்டுபிள்ளைகள் தலைகீழாகத் தெரிகிறார்களாம். அதில் தலைகீழாகத் தெரிவது உண்மைதான்; துரைக்குத் தேவைப்பட்டதென்னவோ விளக்கும் கொடியும். பூமி உருண்டையின் வடிவத்தை அளக்கிறேன் என்றால் எந்த மிராசுதார் நம்புவார்? அளக்க வந்தவன் பின்னாலேயே வரி வரும் என்பது ஊருக்குத் தெரிந்த கணிதம்.

அந்தக் கணிதத்தில் பிறந்த மேப்பில் கிணறு உண்டு, பனை உண்டு, கோயில் உண்டு. யார் வரப்பை யார் ஒரு முழம் வெட்டித் தள்ளினார் என்பதற்கு மட்டும் குறியீடு கிடையாது. ஊர்க் கணக்கு எழுதிய கர்ணத்துக்குத் தெரிந்ததோ அது ஒன்றுதான்.