வர்ஜீனியாப் புகையிலையின் ரஸபரீட்சை: ஓர் ஆராய்ச்சி

பல்லி விழும் பலன் முதற்கொண்டு பழைய ஏடுகளில் செல்லரித்த துளைகளின் விட்டம் வரை ஆராய்ந்து பட்டம் பெற்றோர் தெருவுக்கு நால்வர் வாழும் இந்நாளில், சுங்கானில் இட்டுப் புகைக்கும் வர்ஜீனியாப் புகையிலையை, அதிலும் ஆண்டுக்கு ஒரு முறை சொற்ப அளவில் வெளிவந்து, வந்த சுவடு தெரியாமல் விற்றுத் தீர்ந்துவிடும் அபூர்வ வகையை, முறைப்படி சுவைத்து மதிப்பிடுவது எங்ஙனம் என்பது பற்றித் தமிழில் ஒரு சிறு பிரபந்தமேனும் இல்லாதிருப்பது என் நெஞ்சை நெடுங்காலமாக உறுத்தி வந்தது. அக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்ததே இந்நூல். ஆசிரியன் புகைப்பவனா என்று எடுத்த எடுப்பிலேயே வினவுவார் உளர். இல்லை. இதனைத் தகுதிக் குறைவாகக் கருதுவோர், யாப்பிலக்கணத்துக்கு உரை வகுத்த பெரியோருள் ஒரு நல்ல வெண்பாவாவது பாடியவர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே வாசிப்பாராக.

பிரமாணங்கள் மூன்று. அமெரிக்காவில் பல்லாண்டு உத்தியோகம் பார்த்துத் திரும்பிய என் நண்பர் சுங்கான் பிடிக்கையில் எதிர்நாற்காலியில் அமர்ந்து பார்த்தது பிரத்தியட்சம். அவர் முகம் போன போக்கிலிருந்து ஊகித்தது அனுமானம். சுவையறிஞர் என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் மேல்நாட்டார் எழுதிக் குவித்திருக்கும் மதிப்புரைகள் ஆப்தவாக்கியம். மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில் முதல் இரண்டையும் தள்ளி மூன்றாவதைக் கொள்வதே ஆராய்ச்சி மரபாதலின், யானும் அவ்வாறே கொண்டேன்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. சுங்கான் என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் அகராதிகள் ஒரு கருத்தும் யான் வேறு கருத்தும் உடையோம். இங்கிலாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ் மன்னர் புகையிலையின்மேல் தீராப் பகை கொண்டு, 1604இல் அதனை இகழ்ந்து, தம் பெயரை வெளியிடாமலே ஒரு சிறு நூலை அச்சேற்றினார். அவ்வளவில் அமையாது, அதே ஆண்டில், அதுவரை ராத்தலுக்கு 2 பென்ஸாக இருந்த இறக்குமதிச் சுங்கத்தை 6 ஷில்லிங் 10 பென்ஸாக உயர்த்தினார். நூலால் திருந்தினவர் எத்தனை பேரோ, சுங்கத்தால் வருந்தினவர் பலர். அங்ஙனம் சுங்கம் செலுத்திப் புகைத்தவன் சுங்கான் ஆனான். பின்னர் அவன் பெயர் அவன் கையிலிருந்த கருவிக்கு ஆகி வந்தது. இது கருத்தாவாகுபெயர் என்க. ஆங்கில மன்னர் விதித்த வரிக்குத் தமிழ்ச் சொல் எங்ஙனம் பிறக்கும் என்று தடை எழுப்புவாருக்கு, இதனினும் அகன்ற கடல்களை வேர்ச்சொல் அறிஞர்கள் நாள்தோறும் ஒரே தாவில் கடப்பதைச் சுட்டிக்காட்டி அமைவேன்.

இனி வர்ஜீனியா. கன்னி அரசி எனப்பட்ட எலிஸபெத்தின் நினைவாக இடப்பட்ட அந்த நாட்டுப் பெயர், 1612 அளவில் ஜான் ரால்ஃப் என்பவர் ஸ்பானியர் வசமிருந்த இனிய ஜாதி விதையைக் கொண்டுவந்து ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் விதைத்த நாள்தொட்டுப் புகையிலையோடு ஒட்டிக்கொண்டது. புகையிலையை வைத மன்னரின் பெயர் தாங்கிய ஊரே புகையிலையால் பிழைத்தது. ஆயினும் இன்று வர்ஜீனியா என்று கொண்டாடப்படும் பொன்னிற இலை வர்ஜீனியாவில் பிறந்ததன்று. பக்கத்து மாகாணமாகிய வட கரோலினாவில், காஸ்வெல் கவுண்டியில், 1839இல் பிறந்தது. இலை உலர்த்தும் கொட்டகையில் தீயைக் காத்திருந்த ஸ்டீபன் என்னும் அடிமை கண்ணயர்ந்துவிட்டு, தீ அணையும் தறுவாயில் விழித்து, பதறி, மரக்கரியை வாரிப் போட, திடீரென்று ஏறிய சூட்டில் இலை பழுப்பாகாமல் மஞ்சளாக ஒளிர்ந்தது. பிற்காலத்தார் அந்தச் சூட்டைக் குழாய்களின் வழியே செலுத்தி, புகை இலையைத் தீண்டாதபடி உலர்த்தக் கற்றனர். இலையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி அப்படியே தங்கிவிடுவதே வர்ஜீனியாவின் இனிப்புக்குக் காரணம். பண்ணைக்கு உடையவரான அபிஷா ஸ்லேடுக்குச் சரித்திரத்தில் இரண்டு பெயர்கள் உண்டு, ஸ்டீபனுக்கு ஒன்றே. டப்பாவின் மூடி திறக்கையில் எழும் ஓசைக்கு ஒரு பத்தி முழுவதும் ஒதுக்கும் சுவையறிஞர்கள் அவருக்கு ஒரு வரி ஒதுக்கி யான் கண்டதில்லை.

டப்பாவின் வடிவம்: வட்டம்.

நிறம்: எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, இவற்றுக்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

வெட்டு என்னும் அதிகாரம் சற்றே பெரிது. இலைகளை அடுக்கி, அழுத்தி, பலகைபோல் இறுகச்செய்து, அதனை மெல்லிய ஏடுகளாகச் சீவுவது சிறப்புடைய முறையாகும். அவ்வேட்டை மடித்து அப்படியே சுங்கானில் திணிப்போர் ஒரு கட்சி. விரல்களால் உதிர்த்துத் திணிப்போர் மறு கட்சி. கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவது என்ற வழக்கைக் கண்டவர்களுக்கு இவ்விரு கட்சியாரின் உறவை விளக்க வேண்டுவதில்லை. ஏடு என்ற சொல் வந்துவிட்டபடியால், எஞ்சியதைச் சுவடிப் பதிப்பாசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன். உதிர்ந்துபோன ஏட்டை வைத்துக்கொண்டு பல்லாண்டு ஜீவனம் செய்யும் வித்தை அவர்கள் அறிந்ததே.

சுவைக்கு வருவோம். நம் முன்னோர் சுவை ஆறென்று நிறுத்திக்கொண்டனர். மேல்நாட்டுச் சுவையறிஞர் அத்தனை சிக்கனம் உடையவரல்லர். ஒரு சுங்கான் வர்ஜீனியாவின் முதற்பாகத்தில் புதிதாக அறுத்த வைக்கோலும் எலுமிச்சைத் தோலும், நடுப்பாகத்தில் அப்போது சுட்ட ரொட்டியும் உலர்ந்த அத்திப்பழமும், கடைப்பாகத்தில் பழைய தோற்பையும் சிறிது மிளகும் தோன்றுமென்று எழுதுகிறார்கள். இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஒரு மாட்டுக் கொட்டகையும், அதனையடுத்து ஒரு ரொட்டிக் கிடங்கும், அதன் வாசலில் ஒரு செருப்புக் கடையும் புலப்படுகின்றனவேயன்றிப் புகையிலை எங்கும் புலப்படவில்லை. இது புகையிலைபோல் இருக்கிறது என்று துணிந்து கூறிய மதிப்புரை ஒன்றேனும் என் கண்ணில் படவில்லை. அதனை அவர்களுடைய அறியாமை என்றே முதலில் எண்ணினேன். பின்னர், ஒரு செய்யுளுக்கு எழுந்த விளக்கத்தில் புலவரின் காலமும், ஊரும், மதமும், அவர் நாளைய நெல் விலையும் விரிவாக இருந்து, செய்யுள் மட்டும் இல்லாதிருப்பது நம் நாட்டிலும் உயர்ந்த புலமைக்கு அடையாளம் என்பது நினைவுக்கு வர, இருந்த இடத்திலிருந்தே அவர்களை வணங்கினேன்.

இங்ஙனம் தோன்றும் பண்டங்களுள் தலையாயதும் அறிஞர் உலகைப் பிளந்ததுமாகிய ஒன்று உண்டு. அது தக்காளிக் கெட்சப். மிஸூரி மாகாணத்துக் கான்ஸஸ் ஸிட்டியில் மக்லெலண்ட் என்னும் நிறுவனத்தார், ஆண்டுதோறும் கிறிஸ்துமஸை ஒட்டி, கிறிஸ்துமஸ் சியர் என்ற பெயரில், குறித்த ஓர் ஆண்டு விளைச்சலின் வர்ஜீனியாவைப் பதப்படுத்தி ஏடாக்கி வெளியிட்டு வந்தனர். என் நண்பரிடம் இருப்பது அதுவே. டப்பாவைத் திறந்தவுடன் கெட்சப் வாசனை குப்பென்று எழுகிறது. இதனை மறுப்பார் யாருமிலர். ஆதலால் இது ஆராய்ச்சிக்குப் பயன்படாது. ஏன் எழுகிறது என்பதே பயன்படுவது.

இலை பதப்படுகையில் தோன்றும் காடியின் புளித்த வாசனையே அது, கெட்சப்பிலும் காடி உண்டு, ஆகவே இரண்டும் ஒத்து மணக்கின்றன என்பர் காடிவாதிகள். இக்கொள்கை கேட்டவுடன் விளங்கிவிடுவதாலும், பெரும்பாலும் சரியாக இருக்கக்கூடுமாதலாலும், இதனை விரித்தல் வேண்டா. குலவாதிகளின் கொள்கை ஆழமானது. தக்காளியும் புகையிலையும் கத்தரிக் குடும்பத்துப் பங்காளிகள். மிளகாயும் உருளைக்கிழங்கும்கூட அவ்வழியினவே. பங்காளி வீட்டு வாசனை பங்காளியின்மேல் வீசுவது இயற்கை என்பது அவர்கள் சித்தாந்தம். அங்ஙனமாயின் கத்தரிக்காய்க் கொத்சு கொதிக்கையில் வர்ஜீனியா மணக்காதது ஏன் என்று காடிவாதிகள் மடக்க, மணக்கத்தான் செய்கிறது, உமக்குத்தான் மூக்கு இல்லை என்று குலவாதிகள் விடையிறுத்தனர். இவ்விருவரும் களைத்திருந்த சமயம் பார்த்துச் சரித்திரவாதிகள் புகுந்தனர். கெட்சப் என்ற சொல் தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் புளிக்கவைத்த மீனின் சாற்றைக் குறித்தது. ஆங்கிலேயர் அதனைக் காளானிலும் அக்ரூட்டிலும் செய்து வந்தனர். தக்காளியோ பிற்காலத்து இடைச்செருகல். ஆகவே கெட்சப் மணக்கிறது என்பவர், மூலபாடத்தின் மணத்தைக் கூறுகிறாரா, பாடபேதத்தின் மணத்தைக் கூறுகிறாரா, இடைச்செருகலின் மணத்தைக் கூறுகிறாரா என்பதை முதலில் தெளிவுபடுத்தக் கடவர் என்று கூறி, அதுவரை மூக்குகளைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தனர்.

இதற்கிடையே ஒரு சங்கடம் நேர்ந்தது. டப்பாவைச் சிறிது நேரம் திறந்துவைத்தால் அவ்வாசனை பெரிதும் கலைந்துவிடுகிறது. போகக்கூடியது பொருளின் இயல்பாகுமா? ஸ்வரூப லக்ஷணமா, தடஸ்த லக்ஷணமா? காக்கை உட்கார்ந்திருக்கும் வீடே தேவதத்தன் வீடு என்று அடையாளம் சொன்ன பின்பு காக்கை பறந்துவிட்டாலும் வீடு வீடாகவே நிற்பதுபோல, கெட்சப் பறந்த பின்னும் வர்ஜீனியா வர்ஜீனியாவாகவே நிற்கும் என்று சமாதானம் சொன்னார் வேதாந்தம் பயின்ற ஒருவர். காக்கைக்கு இறகு உண்டு, கெட்சப்புக்கு உண்டா என்ற கேள்விக்கு அவர் இன்னும் பதிலளிக்கவில்லை.

முடிந்த முடிபாகக் கொள்ளத்தக்கது, ஒரு பேராசிரியர் தொடங்கி முடிக்காத பெருநூலின் கிடைக்காத மூன்றாம் தொகுதிக்கு, அவர்தம் மாணாக்கர் எழுதிய மறுப்புக்கு, அம்மாணாக்கரின் மாமனார் சொந்தச் செலவில் அச்சிட்ட பிழைதிருத்தப் பட்டியலின் அடிக்குறிப்பில், இடப்பக்க ஓரத்தில் காணப்படும் ஒற்றை வாக்கியமாகும். அதில் வாசனை என்பது யோசனை என்று அச்சாகியிருக்கிறது. அதனைக் கொண்டு, கெட்சப் மூக்கில் இல்லை, யோசனையிலேயே இருக்கிறது என்றொரு புது மதம் எழுந்து, இருவருக்குப் பட்டமும் ஒருவருக்குத் துறைத் தலைமையும் வாங்கித் தந்துவிட்டது. அஃது அச்சுப்பிழையே என்று நிறுவ ஓர் இளைஞர் முயல்வதாகக் கேள்வி. அவருடைய ஆய்வேட்டைப் பரிசோதிக்கப் போகிறவர்கள் மேற்படி மூவரே.

என் நண்பரையும் கேட்டேன். “திறந்தவுடன் எனக்குச் சமோசா நினைவு வந்தது, ஐயா” என்றார். சாமானிய அனுபவம் என்று அதனைத் தள்ளிவிட்டேன்.

சாம்பலைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. அத்துறையில் எழுதத்தக்கதை ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிவிட்டார். சுருட்டு, சிகரெட், சுங்கான் புகையிலை ஆகியவற்றில் 140 வகைகளின் சாம்பலை வர்ணப் படங்களோடு பாகுபடுத்தித் தாம் ஒரு நூல் இயற்றியதாக, 1890இல் வெளிவந்த கதையொன்றில் அவர் கூறுகிறார். அதற்கு மூன்றாண்டு முன்னரே தம் முதற்கதையில், தரையிற் கிடந்த சாம்பலைக் கண்டு திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று தெளிந்து, நம் சீமைக்கும் ஒரு கீர்த்தி தேடித் தந்தார். இல்லாத மனிதர் எழுதாத நூல் என்று இதனை இகழ்வாருண்டு. அந்தச் சாம்பல் அறிவு ஒரு கொலைகாரனைப் பிடிக்கவாவது உதவிற்று. இருக்கும் மனிதர் எழுதி, அச்சாகி, நூல்நிலையங்களில் உறங்கும் ஆராய்ச்சிகளால் எவன் பிடிபட்டான்?

புகைக்கும் முறையாவது: சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா சூடாக எரியும், விரைந்து இழுத்தால் நாக்கைக் கடிக்கும், ஆகவே மெல்ல இழுத்தல் வேண்டும். மெல்ல இழுத்தால் அணைந்துவிடும். முதற் குச்சி இலையைப் பொசுக்கி மேலெழச் செய்வதற்கென்றும், எழுந்ததை அழுத்தியபின் கிழிக்கும் இரண்டாம் குச்சியே மெய்யான தீயென்றும் சாஸ்திரம் கூறும். என் நண்பர் ஒரு தடவைக்கு 19 குச்சிகள் கிழித்ததை எண்ணினேன். ஏனைய 17 குச்சிகளுக்குச் சாஸ்திரத்தில் இடமில்லை. அறை முழுதும் வீசியது சிவகாசியா வர்ஜீனியா என்பதையும் என்னால் உறுதியாகக் கூற இயலவில்லை. அவரோ பொசுங்கிய நாக்கை நீட்டிக் காட்டி, அத்திப்பழம் நன்றாக வந்ததென்றார்.

இறுதியாக, இதுகாறும் கூறியவை செல்லுமா என்னும் வினா எழுந்தது. மக்லெலண்ட் நிறுவனம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. இனி உள்ள டப்பாக்களே உள்ளவை. அவையும், காற்றுப் புகாமல் கிடக்கக் கிடக்க, ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கனிந்து மேன்மையுறும் என்பர். அங்ஙனமாயின் இளமையில் திறந்தவன் அவசரக்காரன். முதுமையில் திறந்தவனும் அவசரக்காரனே, இன்னும் ஓராண்டு பொறுத்திருந்தால் இன்னும் கனிந்திருக்குமன்றோ? திறந்த டப்பா பரீட்சைக்கு உரிய மாதிரியன்று என்பதை நண்பருக்குத் தர்க்கரீதியாக நிரூபித்தேன். அவர் தம்மிடமிருந்த மற்றொரு டப்பாவை எடுத்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, மஸ்லின் துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியாரிடம் ஒப்புவித்தார். அந்த அம்மையார் அதே அலமாரியின் மேல்தட்டில் மாவடு ஜாடி வைத்திருக்கிறார். இரண்டும் இப்போது ஒருங்கே ஊறுகின்றன. எதன் வாசனை எதற்கு ஏறும் என்பது பற்றிக் காடிவாதிகளிடமிருந்து இதற்குள் இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன.