பல்லுக்குத்தியும் ஒரு சாட்சி

பேர்ண், சுவிஸ்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் அனுப்பின சிவப்புக் கத்தியைப் போலவே ஒண்டு புறக்கோட்டை நடைபாதையில கால்வாசி விலைக்குக் கிடக்குதாம். உங்கட கையில இருக்கிறது அசலோ எண்டு கேட்டிருக்கிறியள். எங்கட அக்காவை ஒரு கேள்வியும் கேளாமல் கட்டின மனிசன், கத்திக்கு மட்டும் அத்தாட்சி கேக்கிறியளே!

சரி, இரண்டையும் பக்கத்தில வையுங்கோ. பெரிய அலகின்ர அடியில விக்டோரினொக்ஸ், சுவிஸ் மேட் எண்டு பொறிச்சிருக்கும். ஆனா எழுத்தைக் கள்ளனும் பொறிப்பான். அதால திறந்து மூடிப் பாருங்கோ. அசல் 'டக்' எண்டு இறுகி நிக்கும், அலகு ஆடாது. பிறகு வெளிச்சத்துக்கு நேர பிடியுங்கோ. தகடுகளுக்கு இடையில நீக்கல் தெரிஞ்சால் அது நடைபாதைச் சாமான். பிடியில இருக்கிற சிலுவைக் கேடயம் உள்ள பதிச்சது. நகத்தால சுரண்டினா உரிஞ்சு வரக்கூடாது.

இனிப் பல்லுக்குத்தி. சிரியாதையுங்கோ, இதுதான் முக்கிய சாட்சி. பிடியின்ர நுனியில வெளிர் நிறப் பிளாஸ்ரிக் குச்சி ஒண்டு செருகிக் கிடக்கும். தலைகீழாப் பிடிச்சு உதறுங்கோ. போலியில அது பறந்துபோய் அக்கான்ர குழம்புச் சட்டிக்குள்ள விழும். அசலில நகம் போட்டு இழுக்கவேணும். துலைஞ்சால் கடையில தனியா வாங்கலாம். காசு குடுத்து, அத்தான், பல்லுக் குத்த! நான் வாங்கினனான். குத்தி முடிய அதைக் கழுவி, துடைச்சு, ஈரம் போகவிட்டுத் திரும்பவும் செருகவேணும். ஈர்க்கை முறிச்சுக் குத்திப்போட்டு முற்றத்தில எறிஞ்ச பரம்பரை நாங்கள்; இப்ப நான் பல்லுக்குத்தியைக் குளிப்பாட்டிறன். என்ர மனிசி அந்தக் கத்தியால தக்காளியும் வெட்டவிடமாட்டன் எண்டு நிக்கிறா.

இன்னொண்டு. வெங்கர் எண்ட பெயரோட பழைய கத்தி ஆரும் தந்தால் போலியெண்டு எறியாதையுங்கோ. அது தெலேமோன் ஊர்க் கத்தி. 1908 இல இருந்து சுவிஸ் படைக்கு விக்டோரினொக்ஸ், வெங்கர் எண்ட இரண்டு கொம்பனியும் பங்குபோட்டுக் குடுத்தவை. 2005 இல பெரியவர் விக்டோரினொக்ஸ் மற்றவரை வாங்கிப்போட்டார். இவையின்ர அசல் பெருமையும் கொஞ்சம் வேடிக்கைதான். சுவிஸ் படைக்கு 1891 இல முதல் வந்த கத்திகள் ஜேர்மனியில, சோலிங்கனில செய்தவை. உள்ளூரில அவ்வளவு செய்ய ஆக்கள் இல்லை. விக்டோரினொக்ஸைத் தொடங்கின இபாக் ஊர் கார்ல் எல்செனர் பிறகுதான் அந்த வேலையைக் கையில எடுத்தவர். 1897 இல அவர் பதிவுசெய்த அதிகாரிகள் கத்திதான் உங்கட சிவப்புக் கத்தியின்ர பூட்டன். அதைப் படை குடுக்கவேயில்லை, அதிகாரிமார் சொந்தக் காசில வாங்கினவை.

எல்லாம் இருக்கு இந்தக் கத்தியில. கத்தரிக்கோல், தகரம் திறக்கிறது, தக்கை இழுக்கிற சுருள். அதை வைச்சு நான் வெட்டிறது அப்பிள். எங்கட வளவில சத்தகத்தால மாங்காய் சீவி உப்பும் தூளும் போட்டுத் தின்ன ஆசையாக் கிடக்கு. இஞ்ச கடையில ஒரு மாங்காய் எடுத்தால், விலையைப் பார்த்திட்டு மெல்லத் திரும்ப வைக்கிறன்.

சம்மருக்கு அக்காவோட வரேக்க கத்தியையும் கொண்டுவாங்கோ, நானே பாக்கிறன். ஆனா கைப்பையில வையாதையுங்கோ. விமான நிலையத்தில பறிக்கிறவை அசலோ போலியோ எண்டு உதறிப் பாக்கமாட்டினம்.

அன்புடன்,
மச்சான்